யார் கையிலும் சாப்பிடுகிறவர்கள்

நாகலூர் ரோட்டில் இருந்த மலைப்பயிர் உயர்பயிற்சி நிலையத்தில், சேர்க்கைப் பதிவேட்டின் ஒன்பதாவது கட்டம் காலியாக இருக்கக் கூடாது. மற்ற கட்டங்கள் எப்படி இருந்தாலும் ஒப்புக்கொள்வார்கள். பிறந்த தேதி தெரியாத மாணவர்கள் இருந்தார்கள். குத்துமதிப்பாக ஜூன் ஒன்று என்று போட்டுக் கொடுத்தார்கள். தகப்பன் பெயர் இல்லாத ஒருவன் இருந்தான், அனுதாபத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாவது கட்டம் அப்படிப்பட்டதல்ல. அதன் தலைப்பு ‘சமூகம்’. முற்பட்டோர், பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடி ஆகிய ஐந்தில் ஒன்றை எழுத வேண்டும். ஐந்திலும் சேராத மனிதன் உலகத்தில் இருக்கக்கூடும் என்று பதிவேட்டை அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கடைசியில் தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு கட்டங்கள் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் கென்யாக்காரர்களுடையவை.

கென்யாவின் காபி உலகம் முழுக்கப் பெயர் போனது. அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் ஏற்காட்டுக்குக் காபி படிக்க ஏன் வந்தார்கள் என்பது நிலையத்தில் யாருக்கும் புரியவில்லை. கேட்டால் போய்விடுவார்களோ என்று யாரும் கேட்கவுமில்லை. அவர்கள் வந்த வாரமே வாசல் பலகையில் ‘சர்வதேச’ என்ற சொல் சேர்ந்துவிட்டது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பாடம் நடத்தியவர்கள் அந்த விளம்பரத்தைப் பார்த்ததில்லை. அதனால் இரண்டு பேரும் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அட்டெண்டர் பொன்னுவேல்தான் கற்றுக்கொடுத்தார். ஆகவே அவர்கள் பேசிய தமிழ் மஞ்சக்குட்டைத் தமிழாக இருந்தது.

பொன்னுவேல் மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக்குடியானவர். கொஞ்சம் ராகி, கொஞ்சம் காபி, நாலு பலா மரம். காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தால் மணி அடிப்பது, கதவு திறப்பது, மெஸ்ஸில் ஆள் வராத நாளில் பரிமாறுவது எல்லாம் அவர் வேலை. அவருக்கு ஒரே மகள், கண்ணாயி. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். ஜனவரியில் தொடங்கும் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். மலைவாழ் பழங்குடிக்கு நிலையத்தில் இரண்டே இடம். முன்பு அதில் படித்த இரண்டு பையன்களும் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு இடமும் காலி, மனுப் போட்டவள் கண்ணாயி ஒருத்திதான். பொன்னுவேல் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேசினால் கண் பட்டுவிடும் என்று இருந்தார்.

கென்யாக்காரர்களில் நெட்டையாக இருந்தவன் ஒக்கேயோ. ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவன். குட்டையாக, சதை பிடித்து இருந்தவன் மைனா. அவன் ஊர் மலைமேல். வேறு வேறு இனம், வேறு வேறு பாஷை. ஆனாலும் ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே ரேடியோ. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பொன்னுவேல் இருவரையும் கூட்டிப் போனார். குகைக்குள் கூரை தாழ்வு. ஒக்கேயோ இரண்டாக மடிந்துதான் சாமியைப் பார்த்தான். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தார்கள். பொன்னுவேலின் மனைவி குப்பாயி ராகிக் களி கிண்டியிருந்தாள். ஒக்கேயோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. களியைப் பிய்த்தான், உருட்டினான், கட்டைவிரலால் குழி போட்டான், குழம்பில் தோய்த்து விழுங்கினான்.

“இவன் எந்தூருடி கண்ணாயி, உங்க தாத்தனாட்டந் தின்கறான்” என்றாள் குப்பாயி.

“எங்கூர்லயும் இதேதானுங்க. சோளத்துல கிண்டுவோம்” என்றான் ஒக்கேயோ.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே வர ஆரம்பித்தான். சில நாள் மைனாவும் வருவான். ஒருநாள் மக்காச்சோள மாவு வாங்கி வந்து குப்பாயியை அடுப்பிலிருந்து எழுப்பிவிட்டு ஒக்கேயோவே கிண்டினான். ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் தின்றார்கள். உப்பில்லை என்பதைத் தவிர யாருக்கும் குறையில்லை.

கென்யாவில் பல வருஷத்துக்குப் பிறகு அந்த டிசம்பரில்தான் பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் வரவிருந்தது. அதிபரைப் பிடிக்காதவர்கள் எல்லாம் ஒரே கட்சியாகச் சேர்ந்திருந்தார்கள். ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டு ஒக்கேயோவும் மைனாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொள்வார்கள். ஆகஸ்டில் கட்சி இரண்டாக உடைந்தது. ஒரு பாதிக்கு மைனாவின் இனத்து ஆள் தலைவர். மறுபாதிக்கு ஒக்கேயோவின் இனத்து ஆள். அறையில் கட்டில்கள் ஆளுக்கொரு சுவர் ஓரமாகப் போயின. ரேடியோ மட்டும் நடுவில் ஒரு ஸ்டூலில் இருந்தது.

“ஏந்தம்பி, உங்காளு நல்லவராப்பா?” என்று பொன்னுவேல் ஒக்கேயோவைக் கேட்டார்.

“தெரியாதுங்ணா. ஆனா எங்க ஏரியில என்னென்ன மீனு இருக்குதுன்னு அவருக்குத் தெரியுமுங்க.”

“மீனு பேரு தெரிஞ்சா நாட்டை ஆண்டுருவாரா?”

“மைனா ஆளுக்கு அதுவுந் தெரியாதுங்களே.”

மைனா தன் கட்டிலிலிருந்து சொன்னான்: “எங்காளு வந்தா எங்கூருக்குத் தார் ரோடு வருமுங்க. அவங்காளு வந்தா அந்த ரோடு ஏரியிலதான் போய் இறங்கும்.”

பொன்னுவேல் இதை வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தார்.

“போன எலக்சன்ல நீங்க யாருக்குப் போட்டீங்க?” என்று கேட்டாள் குப்பாயி.

“ஊர்ப் பட்டக்காரரு சொன்ன ஆளுக்கு.”

“அவரு எதுக்கு அந்தாளைச் சொன்னாரு?”

“நம்ம சனத்து ஆளு.”

சொன்னதும் பொன்னுவேலின் சிரிப்பு நின்றுவிட்டது.

காலிக் கட்டங்களை நிரப்புகிற வரைக்கும் மான்யம் கிடையாது என்று தணிக்கைக்காரர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். இயக்குநர் ஞானசுந்தரம் உடனே ஒரு சமூக நிலை நிர்ணயக் குழுவை அமைத்தார். ஞானசுந்தரம் நல்ல மனிதர். அவரே பல கூட்டங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறார். குழுவுக்கு அவர் தலைவர். ஹெட்கிளார்க் மரியஜோசப் செயலாளர். மூன்றாவது உறுப்பினர் சேலத்திலிருந்து வர வேண்டிய ஒரு பேராசிரியர். பேராசிரியர் கடைசி வரைக்கும் வரவில்லை. ஒவ்வொரு அமர்விலும் அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் வைக்கிற வேலை பொன்னுவேலுக்கு.

முதல் அமர்வில் மரியஜோசப் பேனாவைத் திறந்தார். “என்ன சமூகம்?”

“லுவோங்க” என்றான் ஒக்கேயோ.

“கிகுயுங்க” என்றான் மைனா.

மரியஜோசப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தார். ‘ல’ எழுத்தில் தொடங்குகிற பெயர்கள் இரண்டு மூன்று இருந்தன. அதில் ஒன்றோடு சேர்த்துவிடலாமா என்று இயக்குநரைக் கேட்டார். இயக்குநர் வேண்டாம் என்றார்.

“ட்ரைபுங்க” என்று ஒக்கேயோ உதவி செய்யப் பார்த்தான்.

“ட்ரைபுன்னா எஸ்.டி.தானுங்களே ஐயா. முடிஞ்சுது” என்றார் மரியஜோசப்.

“அவசரப்படக் கூடாது” என்றார் இயக்குநர். “இவர்கள் நாட்டில் எல்லோருமே ட்ரைப். எல்லோரும் பழங்குடி என்றால் மேலே யார்? மேலே ஒருவரும் இல்லாமல் ஒரு நாடு எப்படி நடக்கும்? தம்பி, இப்போது அங்கே ஆள்வது யார்?”

இரண்டு பேருடைய இனமும் இல்லை, மூன்றாவது இனம் என்று இருவரும் சொன்னார்கள்.

“அப்படியானால் அவர்கள் முற்பட்டோர். சரி, அதற்கு முன்னால்?”

“எங்காளுங்க” என்றான் மைனா.

இயக்குநர் மரியஜோசப்பைப் பார்த்தார். “முன்னாள் முற்பட்டோர் என்று ஒரு பிரிவு இருக்கிறதா?”

“இல்லீங்கய்யா. நம்மூர்ல அப்படி யாரும் ஆனதில்லைங்க.”

முற்பட்டோர் என்றால் என்ன கிடைக்கும் என்று மைனா கேட்டான். விடுதியில் வெந்நீர் வருகிற அறைகள் இரண்டு இருந்தன. அவை முற்பட்டோருக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எப்படியோ அவர்களுக்கே அமைந்து வந்தன. இதை மரியஜோசப் விளக்கினார். ஏற்காட்டுக் கார்த்திகைக் குளிர் மைனாவுக்கு ஆகவில்லை. அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அப்ப நாங்க முற்பட்டோருங்க. ஒக்கேயோ இல்லைங்க.”

“ஏன்?”

“எங்க பக்கம் ஒரு பையன் ஆம்பிளை ஆகோணும்னா ஒரு சடங்கு இருக்குதுங்க. நுனித்தோலை அறுக்கற சடங்கு. அவுங்க ஆளுகளுக்கு அது இல்லைங்க. அதனால எத்தனை வயசானாலும் எங்களுக்கு அவுங்க பையனுகதான். பையன் எப்படிங்க நாட்டை ஆளுவான்?”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது. “எழுதுங்கள், மரியஜோசப். தீட்டு, சடங்கு, மேல், கீழ், எல்லாம் இருக்கிறது. முறையான சமூகம்தான்.” பிறகு ஒக்கேயோ பக்கம் திரும்பி, அன்பாக, “நீ சொல்லு தம்பி. அவர்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள்? தயங்காதே” என்றார்.

ஒக்கேயோ மைனாவைப் பார்க்காமல் சொன்னான்: “அவுங்களுக்கு ஒருதரம் நாற்காலி கிடைச்சுதுங்க. நிலம், பேங்க், கம்பெனி எல்லாத்தையுந் தின்னுட்டுத்தான் எந்திரிச்சாங்க. இப்ப மறுபடி பசிக்குதாமுங்க.”

பொன்னுவேல் பேராசிரியரின் டம்ளரில் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். களிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் இவர்கள்தானா என்று அவருக்குக் குழம்பியது. எழுந்து போகிறபோது மைனா கதவருகே நின்று ஒக்கேயோவுக்கு வழி விட்டான். ஒக்கேயோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அவன் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சாட்சி ஆக முடியாது, இருவருமே கட்சிக்காரர்கள் என்று இயக்குநர் கருதினார். ஆகவே விஞ்ஞான முறையில் ஒரு சோதனை நடத்துவதென்று முடிவாயிற்று. யார் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது.

மதியச் சாப்பாட்டில் முதலில் சமையல்காரர் பரிமாறினார். சாப்பிட்டார்கள். மரியஜோசப் பரிமாறினார். சாப்பிட்டார்கள். பொன்னுவேல் பரிமாறினார். அதையும் சாப்பிட்டார்கள். கடைசியாக, கூட்டிப் பெருக்குகிற ராசம்மாளைக் கூப்பிட்டார்கள். ராசம்மாள் இத்தனை வருஷத்தில் அந்த மெஸ்ஸின் கரண்டியைத் தொட்டதில்லை.

“வேண்டாமுங்கய்யா. அப்புறம் எம்மேலதான் வரும்” என்றாள்.

“இது சோதனை. பாவமில்லை” என்றார் இயக்குநர்.

ராசம்மாள் கையை முந்தானையில் மூன்று தரம் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். மைனா இரண்டாவது தரம் கேட்டு வாங்கினான். சோதனை முடிந்ததும் அந்தக் கரண்டியை ராசம்மாளிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அறிக்கையை இயக்குநரே எழுதினார். “மேற்படி இருவரும் யார் கையிலும் சாப்பிடுகிறார்கள். யார் கையிலும் சாப்பிடுகிறவனுக்குக் கீழே யாரும் இல்லை. இது உலகறிந்த விதி. ஆகவே மேலே உள்ள மூன்று பிரிவுகளும் கழிகின்றன.”

மைனாவின் வெந்நீர் அறை அத்தோடு போயிற்று.

அடுத்தது இவர்கள் கையில் யார் சாப்பிடுகிறார்கள் என்ற சோதனை. ஒக்கேயோ மக்காச்சோள மாவை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கிண்டி, கீரை வதக்கி, ஹாலில் கொண்டுவந்து வைத்தான். அன்று பாதிப் பேருக்கு விரதமாக இருந்தது. மீதிப் பேருக்கு வயிறு சரியில்லை.

“எனக்கு இதிலெல்லாம் வித்தியாசம் கிடையாதுங்க. கிறிஸ்தவன். எங்க கோயில்ல எல்லாரும் ஒண்ணாத்தான் முழங்கால் போடறோம். கல்லறை மட்டுந்தான் தனித்தனி” என்றார் மரியஜோசப். அவரும் சாப்பிடவில்லை. பொன்னுவேலை யாரும் கேட்கவில்லை. அட்டெண்டர் சாப்பிடுவதும் சாப்பிடாததும் சோதனையில் சேராது. களி மூடியின் கீழே ஆறிக்கொண்டிருந்தது.

ஒக்கேயோ அந்தப் பாத்திரத்தின் பக்கத்திலேயே நின்றான். அவனுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது என்று பொன்னுவேல் நினைத்தார்.

“பொன்னுவேலண்ணன் ஊட்ல எல்லாருந் தின்னாங்களே. நான் கிண்டித்தான் தின்னாங்க. ஒரே சட்டியிலங்க” என்றான்.

ஹாலில் இருந்த எல்லோரும் பொன்னுவேலைப் பார்த்தார்கள். இயக்குநர் சிந்தனையில் ஆழ்ந்தார். ஒரு பழங்குடிக் குடும்பம் இவர்கள் கையில் சாப்பிட்டிருந்தால் இவர்களும் பழங்குடிக்குச் சமம். அப்படியானால் விஷயம் தீர்ந்தது. இரண்டு பேரையும் எஸ்.டி. என்று எழுதிவிடலாம். எஸ்.டி.க்கு இரண்டு இடம் இருக்கிறது, அதுவும் காலியாக இருக்கிறது.

“அவுங்க பொண்ணு ஒண்ணு மனுப் போட்டிருக்குதுங்கய்யா” என்றார் மரியஜோசப்.

“அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விசாரணை. பொன்னுவேல் வாக்குமூலம் கொடுக்கட்டும்.”

விசாரணைக்கு முன்னால் மனித உரிமை நாள் வந்தது. நிலையத்தில் விழா வைத்திருந்தார்கள். வடக்கே ஒரு மசூதியை இடித்திருந்தார்கள். அந்த வாரம் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. சேலத்திலிருந்து வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. தவிர்க்க முடியாத காரணங்கள் என்று சொல்லிவிட்டு இயக்குநரே சிறப்புரையும் ஆற்றினார்.

“நண்பர்களே, ஆப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே ஒரு தேர்தல் வருகிறது. கொள்கை என்ன என்று யாராவது கேட்கிறார்களா? வேட்பாளரின் பெயரைக் கேட்கிறார்கள். பெயரை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இனத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். வெட்கக்கேடு. இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு மனிதனிடம் நீ என்ன சாதி என்று கேட்டிருப்பேனா? தேவையே வந்ததில்லை. எந்த ஊர், தாத்தா பெயர் என்ன, எந்தத் தெருவில் வீடு என்று நாசூக்காகக் கேட்டாலே போதும். இந்த நாகரிகம் அவர்களுக்கு வருவதற்கு இன்னும் நூறு வருஷம் ஆகும். கறுப்பர்கள்தானே, பாவம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

இயக்குநர் நல்ல கறுப்பு. கைதட்டல் ஓய நேரமாயிற்று. கென்யாக்காரர்கள் இருவரும் முதல் வரிசையில் கௌரவ விருந்தினர்களாக உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால் தட்டினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டக்காரர் சித்தன் பொன்னுவேல் வீட்டுக்கு வந்தார். மலையில் அந்தச் சுற்று வட்டாரத்துக்கு அவர் சொல்தான் சட்டம். களத்தில் போட்ட கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும் வரைக்கும் மழையைப் பற்றியே பேசினார்.

“அப்புறம், நாளைக்கு என்ன சொல்லப் போறே?”

“நடந்ததைத்தானுங்க.”

“நம்மாளு இடத்தைத் தூக்கி எங்கிருந்தோ வந்தவனுக்குக் குடுக்கப் போறே.”

“அந்தத் தம்பி நொம்ப நல்ல மனுசனுங்க.”

“நான் கெட்டவன்னா சொன்னேன்? நம்மாளு இல்லைங்கறேன்.” சித்தன் டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னொண்ணும் இருக்குது. அவன் கையில தின்னம்னு நீயே அங்க போய்க் கையெழுத்துப் போட்டியின்னா, நாளைக்கு உம்பொண்ணை எந்த ஊட்ல கட்டுவாங்க? நம்ம முன்னோரெல்லாம் காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்தவங்கப்பா. வழிப்போக்கன் சட்டியில கை வெக்கறவங்க இல்லை.”

குப்பாயி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாயி ஏற்காட்டுக்கு அரிசி வாங்கப் போயிருந்தாள். இது அவள் காதில் விழாதது நல்லது என்று பொன்னுவேலுக்குத் தோன்றியது. தோன்றியதுமே, நாளைக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

மறுநாள் குழு கூடியது. பேராசிரியரின் நாற்காலியும் தண்ணீரும் வழக்கம்போல இருந்தன. இந்த முறை அதைப் பொன்னுவேல் வைக்கவில்லை. அவர் மேசைக்கு எதிரே நின்றார். ஒக்கேயோவும் மைனாவும் சுவர் ஓரத்து பெஞ்சில், நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுவேலைப் பார்த்ததும் ஒக்கேயோ லேசாகச் சிரித்தான். தன் பக்கத்து ஆள் வந்துவிட்ட சிரிப்பு.

“பொன்னுவேல், நீயோ உன் குடும்பமோ இவர்கள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டதுண்டா?” என்று இயக்குநர் கேட்டார்.

பொன்னுவேல் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை. காலையில் அவரே துடைத்தது.

“இல்லீங்கய்யா.”

“அவர்கள் உங்கள் வீட்டில் சாப்பிட்டதுண்டா?”

“இல்லீங்க.”

“தெளிவாகச் சொல். பதிவாக வேண்டும்.”

“நாங்க அவுங்க கையில தண்ணிகூட வாங்க மாட்டமுங்கய்யா. எங்க சனத்துல அந்தப் பழக்கம் இல்லைங்க.”

இந்த வாக்கியம் தன்னிடம் இருந்தது அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. வாக்கியம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. வேறு ஆட்கள் அவரிடம் சொன்ன வாக்கியம்தான். சிறுவயதில் சேலத்து மண்டிக்குப் பலாப்பழம் கொண்டுபோனபோது, குடத்தை உயரத் தூக்கி, தொடாமல் அவர் கையில் தண்ணீர் ஊற்றிய ஒருவன் சொன்னது. அதே குரலில், அதே இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னார்.

மைனா பெஞ்சிலிருந்து எழப் பார்த்தான். ஒக்கேயோ அவன் தொடையில் கை வைத்து உட்கார வைத்தான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் மைனாவைத் தொட்டது அன்றைக்குத்தான்.

“அன்றைக்கு நீ வேறு மாதிரி சொன்னாயே?” என்று இயக்குநர் ஒக்கேயோவைக் கேட்டார்.

ஒக்கேயோ பொன்னுவேலைப் பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த மனுக்கட்டைப் பார்த்தான். கண்ணாயியின் மனுவுக்கு ஆங்கிலம் திருத்திக் கொடுத்தவன் அவன்தான்.

“நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டனுங்க. அவுங்க ஊடு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க.”

“எழுதுங்கள், மரியஜோசப்” என்றார் இயக்குநர். “பொய் சொல்வதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு ஆதிவாசி, படிக்காதவன், எவ்வளவு நேர்மையாகப் பேசினான் என்பதையும் எழுதுங்கள்.” பொன்னுவேலின் முதுகில் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார். தட்டவில்லை, காற்றில் தட்டினார்.

தீர்ப்பு மூன்று பக்கம் இருந்தது. இவர்கள் யார் கையிலும் சாப்பிடுகிறார்கள். இவர்கள் கையில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. ஆகவே பட்டியலின் கடைசிக்கும் கீழே வருகிறார்கள். பட்டியலுக்குக் கீழே காகிதம் இல்லை. ஒன்பதாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார்கள். ‘இல்லை’ என்று எழுதினால் காலி இல்லை என்று தணிக்கைக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். படிப்பைத் தொடரலாம், விடுதியில் இடம் கிடையாது, ஏனென்றால் விடுதி பிரிவு வாரியாக நடக்கிறது. காபிப் பழம் அரைக்கிற கொட்டகைக்குப் பின்னால் பழைய சாக்குகள் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஜன்னல் கிடையாது. புளித்த பழத்தோல் நாற்றம் எப்போதும் இருந்தது.

சாமான்களைத் தூக்கிப் போகப் பொன்னுவேலுக்குத்தான் உத்தரவாயிற்று. டிரங்குப் பெட்டியின் கைப்பிடியை அவர் பிடித்ததும் ஒக்கேயோ அவசரமாகப் பின்வாங்கினான்.

“விடுங்ணா. நீங்க தொடாதீங்க. கிளார்க் ஜன்னல்ல நிக்கறாரு.”

“நிக்கட்டும் தம்பி.”

“பாத்தா கண்ணாயி இடம் போயிருமுங்க. விடுங்க.”

அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று பொன்னுவேல் தேடினார். இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. பெட்டியை ஒக்கேயோ ஒருபக்கமும் மைனா ஒருபக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொன்னுவேல் வெறுங்கையோடு, கூப்பிடு தூரம் விட்டு, பின்னால் நடந்தார்.

ஜனவரி முதல் வாரம் தேர்தல் முடிவு வந்தது. பழைய அதிபரே ஜெயித்துவிட்டார். அவருக்கு விழுந்தது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான் என்று ரேடியோவில் சொன்னார்கள். மீதியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மைனாவின் ஆளும் தோற்றார், ஒக்கேயோவின் ஆளும் தோற்றார். சாக்கு அறையில் இரண்டு கட்டில் போட இடமில்லை. ஒரே கட்டிலில் உட்கார்ந்து இருவரும் அதைக் கேட்டார்கள். பொன்னுவேல் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றார்.

“என்ன தம்பி, யாரு வந்தாங்க?”

“யாரும் வல்லீங்ணா. இருந்தவரே இருக்கறாரு” என்றான் மைனா.

பொன்னுவேல் குடத்தை நிலைக்கு உள்ளே வைக்கக் குனிந்தார். “அங்கயே வெச்சிருங்ணா. நீங்க போனப்புறம் எடுத்துக்கறோம்” என்றான் ஒக்கேயோ. அவன் சொன்னது சரி. கொட்டகைப் பக்கம் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பொன்னுவேல் குடத்தை வெளியே வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படியே வைத்தார். வளைவில் திரும்பினதும் பின்னால் குடம் நகருகிற சத்தம் கேட்கும். அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

கண்ணாயி சேருகிற நாள் வந்தது. பச்சை நிறத்தில் புதுத் தாவணி, தலை நிறையச் செவ்வந்தி. ஜீப்பை விட்டு இறங்கி, தகப்பனும் மகளுமாகக் காபிச் செடிகளுக்கு நடுவே போகிற குறுக்கு வழியில் நடந்தார்கள். இயக்குநர் வராந்தாவில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒக்கேயோ வந்தான். கண்ணாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை ஆட்டினாள்.

ஒக்கேயோ வராந்தாவைப் பார்த்தான். வழியை விட்டு இறங்கி, ஈரமான செடிகளுக்குள் நாலைந்து அடி போய், இவர்களுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தையும் காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டான். நெட்டை மனிதன். செடி அவனுக்கு இடுப்புவரைக்கும்தான் இருந்தது, மறைய முடியவில்லை. இவர்கள் கடந்து போகிற வரைக்கும் அசையாமல் நின்றான்.

“ஏனுங்கப்பா,” கண்ணாயியின் கை பாதியில் இறங்கியது. “அண்ணன் எதுக்கு இப்படி ஒதுங்கி நிக்கறாரு?”

பொன்னுவேல் மகளின் முழங்கையைப் பிடித்து வேகமாக நடத்திக்கொண்டு போனார்.

“அது அவுங்க ஊர் வழக்கம், கண்ணு” என்றார்.